சத்தமில்லாத புறநகரில் வாடகைக்குக் குடிபோவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதுவரை ஆறு வாடகை வீடுகளில் இருந்திருக்கிறேன். கடைசி இரண்டும் பெருநகரத்துக்கு வெளியே, எட்டு மணிக்கே தெரு அடங்கிவிடுகிற ஊர்களில். அந்த மாதிரி இடத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வாடகைச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் ஊருக்கு ஊர்கூட மாறும். அதனால் சட்டம் என்று வரும் இடத்தில் உங்கள் ஊர் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே போனால் வாடகை மிச்சம்தானே?

வாடகை குறையும். மிச்சமாகுமா என்பது வேறு கணக்கு. வேலைக்குப் போக ஒரு வழிக்கு 20 நிமிடம் கூடுகிறது என்று வையுங்கள். நாளுக்கு 40 நிமிடம், மாதத்துக்கு 22 வேலைநாள் என்றால் 880 நிமிடம், அதாவது கிட்டத்தட்ட 15 மணி நேரம். மாதா மாதம் ஏறக்குறைய இரண்டு வேலைநாளை ரோட்டில் விடுகிறீர்கள். புரூனோ ஃப்ரே, அலோய்ஸ் ஸ்டட்ஸர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மானியக் குடும்பங்களின் தரவை வைத்து 2004இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நீண்ட தூரம் போய்வருகிறவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தி குறைவாகவே இருந்தது. மலிவான வீடோ கூடுதல் சம்பளமோ அந்தக் குறையை ஈடுகட்டியதாகத் தெரியவில்லை. கொசுக்கடிக்குப் பழகினவன்கூட தினசரிப் பயணத்துக்குப் பழகமாட்டான் என்பது என் அபிப்பிராயம்.

வாடகை, பராமரிப்புக் கட்டணம், போக்குவரத்து, வண்டி நிறுத்தும் இடம் நான்கையும் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை என்றால் கணக்கு தலைகீழாக மாறும், அப்போது தாராளமாக வெளியே போகலாம்.

ஒரு வீட்டை எத்தனை முறை போய்ப் பார்க்க வேண்டும்?

குறைந்தது மூன்று முறை, மூன்று வேளையில். வீடு காட்டுகிறவர்கள் பெரும்பாலும் காலை பதினொரு மணிக்குத்தான் வரச் சொல்வார்கள். வெளிச்சம் நன்றாக விழும், தெருவில் ஆள் இருக்காது, பக்கத்து வீட்டார் எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். அந்த நேரத்தில் எந்த வீடும் நல்ல வீடுதான்.

ஒரு வீட்டை நான் அப்படித்தான் பார்த்து மயங்கினேன். ஈ பறந்தால் கேட்கும், அவ்வளவு அமைதி. இரண்டாவது முறை காலை எட்டேகாலுக்குப் போனபோது வாசலிலிருந்து தெருமுனை வரை பள்ளிக்கூட வாகனங்கள், பின்னால் நிற்கிறவர் முன்னால் நிற்கிறவரை ஹாரனாலேயே திட்டிக்கொண்டிருந்தார். சரி, அரைமணி நேரம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு ராத்திரி பத்தரைக்கு இன்னொரு முறை போய்ப் படுக்கையறையில் விளக்கை அணைத்துவிட்டு நின்றேன். காலுக்கு அடியில் ஏதோ மெதுவாக அதிர்ந்தது. கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் சரியாக அந்த அறைக்குக் கீழே இருந்தது. அந்த வீட்டை விட்டுவிட்டேன்.

உள்ளே போனதும் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

சுவர்ப் பூச்சையும் தரை டைல்ஸையும் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், அது கண்ணுக்குத் தானாகவே தெரியும். குழாயில் ஆரம்பியுங்கள். சமையலறைக் குழாயையும் குளியலறை ஷவரையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, டாய்லெட் ஃபிளஷையும் அழுத்துங்கள். ஷவர் நூலாக இளைத்தால் தினமும் காலையில் அதுதான் நடக்கப்போகிறது. தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற கட்டடம் என்றால் இது உயரக் கணக்கு: தொட்டியின் நீர்மட்டம் குழாய்க்கு 10 மீட்டர் மேலே இருந்தால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும், 3 மீட்டர் என்றால் 0.3 பார்தான். கடைசி மாடிக்காரர்கள் குளிக்கும்போது புலம்புவதற்குக் காரணம் இதுதான், அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் பம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள்.

குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். வடிகாலைப் பார்த்து ஓடாமல் வாசலைப் பார்த்து ஓடுகிற தரைகளும் இருக்கின்றன. டாய்லெட் தொட்டியில் கொஞ்சம் சாயத்தைக் கலந்துவிட்டு ஃபிளஷ் பண்ணாமல் கால்மணி நேரம் மற்ற அறைகளைச் சுற்றிப் பாருங்கள். திரும்பி வரும்போது கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால் வால்வு கசிகிறது, அந்தத் தண்ணீர்க் கட்டணம் உங்கள் தலையில்.

வீட்டுக்குள் சாக்கடை வாடை அடித்தால் உடனே பயப்பட வேண்டாம். ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் வடிகால் குழாயின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிவிடும், வாயு மேலே வரத் தடை இருக்காது. ஒவ்வொரு வடிகாலிலும் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். வாடை போய்விட்டால் வேலை முடிந்தது, போகவில்லை என்றால் அது வீட்டுக்காரரின் வேலை.

அப்புறம் ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து மூடுங்கள், அலமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்து பாருங்கள், உள் அறையில் நின்று யாருக்காவது போன் பண்ணிப் பேசுங்கள். கியாஸில் ஓடும் வெந்நீர்க் கருவி இருந்தால் புகை வெளியே போக வழி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள்ளேயே அந்தக் கருவியை மாட்டியிருந்தால் வாடகை பாதியாக இருந்தாலும் வேண்டாம்.

சுவரில் கறை இருக்கிறது, “வெள்ளையடித்துத் தருகிறேன்” என்கிறார் வீட்டுக்காரர். நம்பலாமா?

வெள்ளையடிப்பார், அதை நம்பலாம். கறை திரும்பி வரும், அதையும் நம்பலாம். எங்கிருந்து ஈரம் வருகிறது என்று முதலில் பாருங்கள். கூரையிலோ சுவரின் மேல் பக்கமோ பழுப்பு விளிம்போடு வட்டமாக இருந்தால் மேலே எங்கோ கசிவு. தரைத்தளத்தில் கீழிருந்து முழங்கால், இடுப்பு உயரம் வரை உப்புப் பூத்து, சுவர் பொரிந்து உதிர்ந்தால் தரையிலிருந்து ஏறும் ஓதம். அறையின் மூலையிலும் பீரோவுக்குப் பின்னாலும் மட்டும் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை இருந்தால், உள்ளே இருக்கிற ஈரக் காற்று குளிர்ந்த சுவரில் பட்டு நீராக மாறுகிறது என்று அர்த்தம்.

மூன்றாவதை நீங்களே சமாளிக்கலாம். வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பூஞ்சை அவ்வளவாகத் தலைதூக்காது. ஈரப்பதம் காட்டுகிற சின்னக் கருவி ஒன்றை வாங்கி வையுங்கள், துணியை உள்ளே காயப்போடாதீர்கள், வெளிச்சுவரோடு பீரோவை ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். முதல் இரண்டும் கட்டடத்தின் நோய். அதைச் சரிசெய்வதாக ஒப்பந்தத்தில் தேதியோடு எழுதித் தராமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

எந்த மாடி, எந்தத் திசை நல்லது?

வெயில் ஊர் என்றால் மேற்குப் பார்த்த படுக்கையறையைத் தவிர்க்கலாம். கான்கிரீட் சுவர் சாயங்காலம் முழுக்க வெயிலைக் குடித்து, நீங்கள் படுக்கப்போகிற நேரத்தில் அதைத் திருப்பித் தரும். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற வீட்டுக்கும் இதே கதை. குளிர் ஊரில் நேர்மாறு, வட அரைக்கோளத்தில் தெற்குப் பார்த்த ஜன்னலும் தென் அரைக்கோளத்தில் வடக்குப் பார்த்த ஜன்னலும் குளிர்காலத்தில் வரப்பிரசாதம். கடைசி மாடியில் வெப்பம் இருந்தாலும் தலைக்கு மேல் யாரும் நடக்கமாட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக நான் அதைத்தான் எடுப்பேன். லிஃப்ட் நின்றுபோன நாளில் ஏறிப் பாருங்கள், உங்கள் முடிவு வேறாக இருக்கலாம்.

“அமைதியான ஏரியா” என்கிறார்களே, அதை எப்படித் தெரிந்துகொள்வது?

விளம்பரத்தில் இந்தச் சொல் இல்லாத வீடே கிடையாது. ராத்திரியில் வீட்டுக்கு வெளியே இருக்கும் சராசரிச் சத்தம் 40 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2009இல் ஒரு வரம்பு சொன்னது. போனில் இருக்கும் டெசிபல் செயலிகள் துல்லியமில்லை, ஆனாலும் இரண்டு வீடுகளை ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

தூரத்தில் நெடுஞ்சாலை இருந்தால் பகலில் போய்ப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். ஒரு மோட்டார் போடும் சத்தம் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறையும்; வரிசையாக வண்டிகள் ஓடும் சாலையின் சத்தமோ 3 டெசிபல்தான் குறையும், அதனால் அது வெகுதூரம் வரும். இன்னொன்று, மேகமில்லாத ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று மேல்காற்றைவிடக் குளிர்ச்சியாகிவிடும். மேலே போக வேண்டிய சத்தம் அப்போது வளைந்து கீழே இறங்கும். பகலில் இருப்பதே தெரியாத ரயில் பாதை ராத்திரி இரண்டு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற மாதிரி கேட்பது இதனால்தான். வரைபடத்தைத் திறந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் ரயில் பாதை, நெடுஞ்சாலை, கிடங்கு, விமானப் பாதை எது இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். காலி மனை இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் அங்கே கட்டட வேலை நடக்கலாம்.

அமைதியான ஊருக்கு வந்தும் தூக்கம் வரவில்லையே?

வராது, கொஞ்ச நாளைக்கு. நகரத்தில் எந்நேரமும் இருக்கிற இரைச்சல் ஒரு போர்வை மாதிரி, சின்னச் சத்தங்களை எல்லாம் மூடிவிடும். அந்தப் போர்வையை உருவிவிட்டால் பிரிட்ஜ் முனகுவது, மேல்வீட்டில் செருப்பு தேய்வது, குழாயில் காற்று இழுப்பது எல்லாம் தனித்தனியாகக் காதில் விழும். இங்கே வந்த முதல் வாரம் நான் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைத்தேன். அது என் பழைய வீட்டில் நாலு வருடம் தலைமாட்டிலேயே ஓடிக்கொண்டிருந்த அதே கடிகாரம். மின்விசிறி ஓடும் சீரான சத்தம் பலருக்கு உதவும். எனக்கு மூன்றாவது வாரத்தில் சரியானது.

மேல்வீட்டுச் சத்தத்துக்கு என்ன செய்வது?

பேச்சும் பாட்டும் காற்று வழியாக வருவது; கதவு ஜன்னல் இடுக்குகளை அடைத்தால் பாதி நிற்கும். கதவுக்கு அடியில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் எவ்வளவு கனமான கதவும் வீண். நாற்காலி இழுப்பதும் குதிகால் அழுத்தி நடப்பதும் கட்டடத்தின் உடம்பு வழியாக வருகிறவை, அதை உங்கள் பக்கத்திலிருந்து தடுப்பது கஷ்டம், சத்தம் பிறக்கிற இடத்தில்தான் நிறுத்த முடியும். அதாவது மேலே இருப்பவர் கம்பளம் விரிக்க வேண்டும், நாற்காலிக் காலுக்குத் துணி ஒட்ட வேண்டும். அதற்கு அவரிடம் பேசியாக வேண்டும்.

எங்கள் மேல்வீட்டு அம்மாவிடம் நான் புகாராகப் போகவில்லை. “அம்மா, உங்க வீட்டு நாற்காலி இழுக்கிறது எங்க கட்டில் மேல இழுக்கிற மாதிரி கேக்குது, ஒரு தடவை கீழ வந்து கேட்டுப் பாக்கறீங்களா?” என்றேன். அவர் மகனை மேலே இழுக்கச் சொல்லிவிட்டு எங்கள் அறையில் வந்து நின்று கேட்டார். “ஐயோ, இவ்வளவா தம்பி?” என்றார். மறுநாளே நான்கு காலுக்கும் துணி ஏறிவிட்டது. குடியிருப்போர் சங்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தால் இன்றைக்கும் நாற்காலி ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒப்பந்தத்தில் எதைக் கண்டிப்பாகப் படிக்க வேண்டும்?

எல்லாவற்றையும்தான். ஆனால் பாதிப் பேர் வாடகைத் தொகையையும் தேதியையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள், அதனால் சண்டை எங்கே வருமோ அதைச் சொல்கிறேன். இரண்டு தரப்பும் எத்தனை நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும்? குறிப்பிட்ட காலத்துக்கு முன்னால் காலி செய்தால் என்ன வெட்டு? வாடகை எப்போது, எவ்வளவு ஏறும்? முன்பணத்தில் எதற்கெல்லாம் கழிப்பார்கள், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள்? வீட்டுக்காரர் உள்ளே வருவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டுமா? விருந்தாளி, வளர்ப்புப் பிராணி, சுவரில் ஆணி பற்றி ஏதாவது இருக்கிறதா?

வாயால் சொன்ன எதுவும் பிறகு ஞாபகத்தில் இருக்காது. கெட்ட எண்ணமாக இருக்க வேண்டியதே இல்லை, நிஜமாகவே மறந்துவிடும். “ஜன்னல் வலை போட்டுத் தருகிறேன்” என்றால் அங்கேயே அவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: “இன்று பேசியபடி 15ஆம் தேதிக்குள் ஜன்னல் வலை போட்டுத் தருகிறீர்கள், நன்றி.” அவர் “சரி” என்று பதில் போட்டால் போதும்.

முன்பணம் முழுசாகத் திரும்பி வருமா?

அது நீங்கள் குடிவந்த முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. ஒரு வீட்டில் நான் மூன்று வருடம் இருந்துவிட்டுக் காலி செய்தபோது, சமையலறை மேடையில் இருந்த ஒரு விரிசலுக்கு நல்ல தொகை கழித்தார்கள். நான் வருவதற்கு முன்பிருந்தே இருந்த விரிசல். இதைச் சொன்னேன், “அப்படியா, போட்டோ இருக்கா?” என்று கேட்டார் வீட்டுக்காரர். இல்லை.

அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும், ஒரு சாமான்கூட உள்ளே வருவதற்கு முன்னால், போனில் வீடியோ எடுத்துக்கொண்டே அறை அறையாக நடப்பேன். சுவர், தரை, மேடை, கதவுக்குப் பின்பக்கம், கழுவும் தொட்டிக்கு அடிப்பக்கம், மின்சார மீட்டரும் தண்ணீர் மீட்டரும் காட்டும் எண். அதை அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுவேன், அனுப்பாத வீடியோ பாதி வீடியோதான். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: சுவர்ச் சாயம் மங்குவது, நடக்கிற இடத்தில் தரை தேய்வது எல்லாம் சாதாரணத் தேய்மானம், பல நாட்டுச் சட்டங்களில் அதற்குக் கழிக்க முடியாது. நீங்கள் உடைத்ததற்கு நீங்கள்தான் பொறுப்பு.

நேரில் பார்க்காமல் ஆன்லைனில் முன்பணம் கட்டலாமா?

கூடாது. “நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும்” என்று யாராவது சொன்னால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். உங்களால் போக முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரை அனுப்பி, உள்ளேயிருந்து வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். வாடகைக்கு விடுகிறவர்தான் உரிமையாளரா என்பதைச் சொத்து வரி ரசீது மாதிரி ஏதாவது ஒரு ஆவணத்தில் சரிபாருங்கள்.

சொந்த வண்டி இல்லாமல் சமாளிக்க முடியுமா?

வீட்டுக்காரரிடம் கேட்டால் “எல்லாமே பக்கத்தில்” என்பார், அவர் எல்லா இடத்துக்கும் காரில் போகிறவர். கையில் ஐந்து கிலோ சாமானைப் பிடித்துக்கொண்டு கடையிலிருந்து வீட்டுக்கு இருட்டில் ஒருமுறை நடந்து பாருங்கள். நடைபாதை இருக்கிறதா, தெருவிளக்கு எரிகிறதா என்பது அப்போதுதான் தெரியும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறதா, ராத்திரி பதினொன்றுக்கு வாடகை வண்டி கூப்பிட்டால் வருமா, இதையும் பார்க்க வேண்டும். ராத்திரி திறந்திருக்கிற மருந்துக்கடையும் மருத்துவமனையும் எங்கே என்பதைத் தேவைப்படுவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இணைய இணைப்பு?

விளம்பரத்தையோ நிறுவனத்தின் வரைபடத்தையோ விட மாடிப்படியில் எதிர்ப்படும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதே உண்மை. “நீங்க எந்த லைன் வெச்சிருக்கீங்க, மழை பெய்தா நிக்குதா?” என்று கேளுங்கள். அவரிடமே தண்ணீர், கரண்ட், வீட்டுக்காரரின் குணம் எல்லாவற்றையும் கேட்டுவிடலாம்.

அமைதியான ஊரில் தனிமையாக இருக்காதா, போரடிக்காதா?

முதல் இரண்டு மாதம் போரடிக்கும். நகரத்தில் வெளியே காலெடுத்து வைத்தால் ஏதாவது நடந்துகொண்டிருக்கும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். இங்கே எதுவும் தானாக நடக்காது, நீங்களாக ஏற்பாடு பண்ண வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் நடக்கப் போவது எனக்குக் கை கொடுத்தது, பத்து நாளில் முகங்கள் பழகின, ஒரு மாதத்தில் “என்ன, நேத்து காணோம்?” என்று ஒருவர் கேட்டார். நண்பர்கள் வருவார்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள். வருகிறேன் என்பார்கள், தூரத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிடுவார்கள், நீங்கள்தான் போக வேண்டியிருக்கும். துணைக்கு ஆளில்லாமல் வாரக் கணக்கில் இருந்தால் மனசு சோர்ந்துவிடும் என்று உங்களைப் பற்றித் தெரிந்திருந்தால் ஒரு வருட ஒப்பந்தம் போடாமல் முதலில் மூன்று மாதத்துக்கு ஏதாவது கிடைக்கிறதா என்று பாருங்கள்.

பழுது வந்தால் யார் செலவு?

பொதுவாக, கட்டடமும் குழாயும் மின்கம்பியும் வீட்டுக்காரர் பொறுப்பு. பல்பு, குழாய் வாஷர் மாதிரி சின்னச் சமாச்சாரம் குடியிருப்பவர் பொறுப்பு. கசிவைப் பார்த்த அன்றே சொல்லுங்கள், படத்தோடு. சொல்லாமல் விட்டு அது பெரிதானால் தவறு உங்கள் பக்கம் வந்துவிடும்.

காலி செய்யும்போது?

முன்னறிவிப்பைச் செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ தேதி தெரிகிற மாதிரி கொடுங்கள். சாமான் போனபிறகு காலி வீட்டை, குடிவந்த அன்று எடுத்த அதே வரிசையில், மறுபடியும் வீடியோ எடுங்கள். மீட்டர் எண்ணைக் குறித்து, கடைசி மாதக் கட்டணங்களைக் கட்டிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சாவிகளை எண்ணிக் கொடுத்து, “மூன்று சாவி பெற்றுக்கொண்டேன்” என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். பால்கனிக் கதவுச் சாவியை மறந்துவிட்டு ஐம்பது கிலோமீட்டர் திரும்பி வந்தவன் சொல்கிறேன், அதையும் சேர்த்து எண்ணுங்கள்.